மணிக்கட்டு தூக்கும் வாளி

பக்கவாதத்துக்குப் பிந்தைய கைப்பயிற்சிக்குக் கணினி விளையாட்டு எழுதுபவருக்குப் பெரும்பாடு கிராபிக்ஸ் அல்ல, தோள். மணிக்கட்டைத் தூக்கச் சொன்னால் நோயாளி தோளைத் தூக்குவார், முழங்கையை உயர்த்துவார், உடம்பையே சாய்ப்பார். இந்த ஆட்டத்தில் மணிக்கட்டு உயர உயரத் திரையில் ஒரு கிணற்று வாளி மேலே ஏறும். எப்படியோ வாளி மேலே வந்துவிட்டால் அவருக்குத் திருப்தி. அதற்கு மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டால் தப்பான அசைவுக்குத்தான் பயிற்சி நடக்கிறது.

கருவி எளிது. முன்கையை வைக்க ஒரு பலகை, மணிக்கட்டு மடங்கும் இடத்தில் கீல், கீலின் அச்சில் 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது திருப்பத் திருப்ப மின்னழுத்தம் மாறும் குமிழ். அதன் ஓரக் கால்கள் இரண்டும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்கால் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையில் மின்னழுத்தத்தைப் படிக்கும் ஏ0 முனைக்கும் போகும். உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்போது புவியீர்ப்பை எதிர்த்துத் தூக்க வேண்டும். அது முடியாதவருக்குக் கட்டைவிரல் மேலே வரும்படி பலகையைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும்.

பொட்டென்ஷியோமீட்டர் முழுதாகச் சுற்ற சுமார் 300 டிகிரி. ஊனோ அதை 0 முதல் 1023 வரை எண்ணாகத் தரும். ஆக ஒரு டிகிரிக்கு மூன்றரை எண்கூடக் கிடையாது. 20 டிகிரி மட்டுமே தூக்க முடிகிறவருக்கு மொத்த ஆட்டமும் 68 எண்ணுக்குள் அடங்கிவிடும். இதில் மின் இரைச்சல் இரண்டு மூன்று எண் அடித்தாலே வாளி நடுங்கும். நொடிக்கு 50 முறை படித்து, கடைசி எட்டின் சராசரியை எடுத்தால் நடுக்கம் அடங்கும். ஐம்பதின் சராசரி எடுத்தால் வாளி அரை நொடி பின்தங்கும். கை சொன்னபடி கேட்கவில்லை என்று நோயாளி நினைத்துக்கொள்வார்.

அளவை ஒவ்வொரு அமர்விலும் புதிதாக எடுக்க வேண்டும். நேற்றைய இறுக்கம் வேறு, இன்றையது வேறு. மூன்று முறை தூக்கச் சொல்லி நடு மதிப்பை எடுத்து, அதில் முக்கால் பங்கில் இலக்கை வைக்கலாம். மூன்றில் பெரியதை எடுத்தால், தோளை வீசி எட்டிய அளவே இலக்காகிவிடும்.

தோளுக்கு வைத்தியம் ஒரு மைக்ரோ சுவிட்ச், லேசாக அழுத்தினாலே இயங்கும் சிறு பொத்தான். முன்கைக்கு அடியில் அதைப் பதித்துவிட்டால் கை பலகையை விட்டு எழும்பியதுமே ஆட்டம் நிற்கும், கை அமர்ந்ததும் தொடரும். எச்சரிக்கை மணி வேண்டாம், மதிப்பெண்ணில் கைவைக்கவும் வேண்டாம். உடம்பைச் சாய்ப்பவருக்கு இன்னொரு சுவிட்சை நாற்காலி முதுகில் வைக்கலாம். வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டினாலே ஆயிற்றே என்று தோன்றும். உணர்ச்சி குறைந்த கையில் பட்டை அழுத்துவது நோயாளிக்கே தெரியாது, தோல் புண்ணாகிவிடும்.

கிணற்று வாளியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. வேகமாக அசைக்க அசைக்கத் தசை இறுக்கம் கூடும். அதனால் பறவையைச் சுடுவது, பந்தை அடிப்பது போன்ற அவசர ஆட்டங்கள் இங்கே ஆகாது. வாளி மெல்லத்தான் ஏறும். மேலே இரண்டு நொடி நிறுத்தினால் தண்ணீர் தொட்டியில் விழும். பிறகு கையைத் தளர்த்திக் கீழே கொண்டுவர அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஆட்டம் காத்திருக்க வேண்டும். தூக்குவதைவிடத் தளர்த்துவதே பலருக்குக் கஷ்டம். கடிகாரம் வைத்து எழுதுபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பக்கவாதத்தால் இடப்பக்கம் இருப்பதையே கவனிக்காதவருக்குத் தொட்டியை முதலில் வலப்பக்கம் வைத்து, சில அமர்வுகளில் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்த்தலாம். திரையின் இட ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு ஒன்று இருந்தால் கண் அதுவரை போகப் பழகும்.

பதிவுக் கோப்பில் தேதி, எந்தக் கை, எட்டிய டிகிரி, தளர்த்த எடுத்த நொடி, சுவிட்ச் நிறுத்திய தடவை ஆகிய ஐந்தும் போதும். டிகிரி ஏறும்போதே சுவிட்ச் தடவையும் ஏறினால், பிசியோதெரபிஸ்ட் அன்றைக்கு இலக்கைக் குறைத்துவிடுவார்.