கிணற்றுப் பங்கும் முதல் அத்தியாயமும்

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணி. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையைப் பற்றிச் சனத்துக்கு விளங்கிற மாதிரி ஒரு புத்தகம் எழுதத் தொடங்கினபோது, நேரம்தான் பிரச்சினையாக இருக்கும் என்று நினைத்தேன். பகலில் கோட்டில் வழக்கு, பின்னேரம் வழக்குக் கட்சிக்காரர், இரவில் அடுத்த நாள் வழக்குக் கட்டு. ஆனால் ஓகஸ்ட், டிசெம்பர் கோட்டு விடுமுறைகளில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் எழுதலாம். எழுதினேன்.

மறித்தது என்னுடைய கோப்புகள்தான். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்ற மூன்று வகைச் சொத்தையும் விளக்கக்கூடிய நல்ல கதை எல்லாம் கட்சிக்காரர் என் மேசைக்கு முன்னால் இருந்து சொன்னவை. பேரையும் ஊரையும் மாற்றி, அக்கா தங்கச்சி காணிச் சண்டை ஒன்றை முதல் அத்தியாயமாக எழுதி, விளங்குதோ என்று பார்க்கச் சின்னம்மாவிடம் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றினா.

"பிள்ளை, இது எங்கட கோயிலடி வீட்டுக் கதையெல்லே?"

எனக்கு வேர்த்துப்போச்சு. நாலு பரப்புக் காணி, கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு, வழிவாய்க்கால் என்று காணி உறுதியில் இருந்தபடியே எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஆளைப் பிடிக்கப் பேர் எதற்கு?

கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதமில்லாமல் சட்டத்தரணி வெளியே விடக்கூடாது என்கிறது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. வழக்கு முடிந்தாலும் அந்தக் கட்டு அவிழாது. அத்தியாயத்தைக் கிழித்தேன். இரண்டு மாத வேலை.

பிறகு அச்சில் வந்த தீர்ப்புகளுக்குப் போனேன். திறந்த கோட்டில் சொன்னவை, யாரும் வாசிக்கலாம். சட்டம் சார்ந்த உத்தியோகபூர்வ வாசகங்களுக்கு 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் பதிப்புரிமை கொடுப்பதுமில்லை. தீர்ப்புக்கு மேலே இருக்கும் தலைக்குறிப்பு தொகுத்தவர் எழுதியது, அதைத் தொடவில்லை. கதைச்சுவை குறைந்தது உண்மைதான். 1707இல் ஒல்லாந்தருக்காகத் தேசவழமையைத் தொகுத்த கிளாஸ் ஐசாக்ஸ், அதைத் தமிழாக்கி 12 முதலியார்மாரிடம் காட்டிச் சரிபார்த்தாராம். எனக்கு 12 பேர் இல்லை. ஒவ்வொரு அத்தியாயமும் சின்னம்மாவிடமே போனது. "ஆதனம்" என்று எழுதின இடமெல்லாம் "காணி பூமி" ஆனது அவவால்தான்.

கடைசியாக அட்டை. அச்சகத்துத் தம்பி பின்பக்கத்தில் என் படத்துக்குக் கீழே அலுவலக விலாசமும் போன் நம்பரும் போட்டு வைத்திருந்தார். சட்டத்தரணி தொழிலை விளம்பரப்படுத்தக்கூடாது, எடுத்துவிடும் என்றேன்.

"அப்ப வாசிச்ச ஆக்கள் உங்களிட்ட எப்பிடி அக்கா வாறது?"

"அதுக்குத்தான் தம்பி எடுக்கச் சொல்லுறன்."