ஒட்டாத மாத்திரை

"சிலருக்கு மாத்திரை ஒட்டாதும்மா." இரும்புச்சத்து மாத்திரை உடம்பில் சேராது என்ற அர்த்தத்தில், நர்சான நான் சொன்ன இந்த ஒரு வரி பொய்யா இல்லையா என்று இன்னும் எனக்குத் தீர்மானமாகவில்லை.

பண்ருட்டிப் பக்கம், முந்திரி உடைக்கிற வீட்டு மருமகள். ஏழாம் மாதம், ஹீமோகுளோபின் 8.1. கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்று குறிக்கிறோம். 8 என்றால் பிரசவத்தில் கொஞ்சம் உதிரம் கூடப் போனாலும் உடம்பு தாங்காது. டாக்டர் அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்புச்சத்து ஊசிமருந்தை ஏற்றச் சொல்லிவிட்டார். மாமியார் என்னைக் கேட்காமல் விடவில்லை. "நாலாம் மாசத்துலேர்ந்து நான்தான் தண்ணி மொண்டு குடுத்து முழுங்க வெக்கிறேன். அப்புறம் எப்படிம்மா ரத்தம் ஏறல?"

மாத்திரை எங்கே போனது என்று எனக்குத் தெரியும். முந்தின முறை எடை பார்க்கும்போது அந்தப் பெண் காதோடு சொல்லியிருந்தாள். "குமட்டுதுக்கா. கருப்பா போகுது, வயிறு கட்டிக்குது. வாய்ல அதக்கி வெச்சு கொல்லையில துப்பிடறேன். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

கருப்பாகப் போவதில் ஆபத்தில்லை, ராத்திரி சாப்பிட்டபின் போடு, எலுமிச்சை ஜூஸோடு குடித்தால் நன்றாகச் சேரும், டீயோடு வேண்டாம், கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு என்றெல்லாம் சொல்லி அனுப்பினேன். தலையாட்டினாள். அவள் வழிக்கு வருவதற்குள் ரத்த ரிசல்ட் வந்துவிட்டது.

மாமியார் கேட்டபோது அவள் என் முகத்தைத்தான் பார்த்தாள். நான் அந்த வரியைச் சொன்னேன்.

முழுப் பொய் இல்லை. டீ, கால்சியம், வயிற்றில் கொக்கிப்புழு என்று எத்தனையோ காரணத்தால் போட்ட மாத்திரை பலன் தராமல் போவதுண்டு. ஆனால் இவள் விஷயத்தில் அது உண்மையில்லை, அதுவும் எனக்குத் தெரியும். உள்ளதைச் சொல்லியிருந்தால்? வயிற்றுப் பிள்ளைக்குத் துரோகம் செய்தவள் என்ற பேச்சு அவள் சாகும்வரை அந்த வீட்டில் ஓயாது. அதைவிட, அந்தத் தெருவில் இன்னொருத்தி என்னிடம் வாய் திறக்கமாட்டாள். எங்கள் வேலையே இப்படிக் காதோடு சொல்லப்படுவதை நம்பித்தான் ஓடுகிறது. பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை.

கூட வேலை பார்க்கும் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ரகசியம் காப்பாத்தறது வேற, தப்பா ஒரு காரணம் சொல்றது வேற. 'டாக்டர் பாத்துக்குவாரு'ன்னு முடிச்சிருக்கணும்" என்றார். சரிதான். ஆனால் அந்த அம்மா அதோடு விடுகிற ஆள் இல்லை.

சலைனில் கலந்து மருந்து ஏற்றினார்கள், ரத்தம் 10-ஐத் தாண்டியது, சுகப்பிரசவம். இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

"மாத்திரையெல்லாம் சும்மா, ஒட்டாது. ஊசிதான்" என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். சாட்சி நான். தினம் ஒன்றாக 180 நாள் போடவேண்டிய மாத்திரை, பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். இப்போது அந்தத் தெருவில் அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. "எங்களுக்கும் ஊசி போடுங்க நர்சம்மா" என்கிறார்கள். ஒருத்தியின் மானத்தைக் காப்பாற்ற இத்தனை பேர் ரத்தத்தைப் பணயம் வைத்தேனா? அப்படிச் சொல்வதும் மிகைதான். அவர்கள் முன்பும் ஒழுங்காகப் போட்டவர்கள் இல்லை.

போன வாரம் அந்த அம்மாவின் சொந்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். 10.4. ஊசி தேவையில்லை, தினம் இரண்டு மாத்திரை போடட்டும் என்றேன்.

"ஒட்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உங்க பொண்ணுக்கு ஒட்டும்மா."

"போட்டுப் பாக்காமயே எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்ப்போம் என்று சொல்லி வந்திருக்கிறேன். ஏறவில்லை என்றால் அவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். ஏறிவிட்டால், ஒரே வீட்டுச் சாப்பாடு, ஒரே மாத்திரை, மருமகளுக்கு மட்டும் ஏன் ஒட்டவில்லை என்று கேட்பார்.