இடுப்பு (கீழ்முதுகு) எம்.ஆர்.ஐ.: ஸ்கேன் அறை நாட்குறிப்பு

ஜூன் 2, 2025, திங்கள்

கழற்றி வைக்கும் தட்டில் கடைசியாக வந்து விழுவது ஊக்கு. வளையல், கம்மல், வாட்ச் எல்லாம் கேட்காமலே கழன்றுவிடும். தாலிச் செயினில் கோத்திருக்கும் நாலு ஊக்கு மட்டும் யாருக்கும் நினைவுக்கு வராது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது, ஊக்கை இழுக்கும். இயந்திரத்தை நெருங்க நெருங்க அது விறைத்து நின்று செயினையும் சேர்த்துத் தூக்கும். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் மஞ்சள் கயிற்றில் ஒரு துண்டு மஞ்சளை முடிந்து கட்டிக்கொண்டு வருவதுண்டு. அதனால் ஒரு தொந்தரவும் இல்லை.

இடுப்பு ஸ்கேனுக்கென்றே வாய்த்த எதிரி அரைஞாண் கொடி. வெள்ளியும் காந்தத்துக்கு அசையாது. ஆனால் அது இடுப்பைச் சுற்றிய மூடிய வளையம். இயந்திரம் அனுப்பும் ரேடியோ அலை அதில் மின்னோட்டத்தைத் தூண்டினால் தோல் சுடும். படமும் அந்த இடத்தில் கெடும். கொடி கிடக்கும் உயரமோ கிட்டத்தட்ட எல்4 (இடுப்புப் பகுதி முதுகெலும்புகளில் மேலிருந்து நாலாவது), அதாவது எந்த எலும்பைப் பார்க்க வந்தோமோ அதே எலும்பு. கறுப்புக் கயிறு மட்டும் என்றால் இருக்கட்டும். தாயத்து கோத்திருந்தால் கயிற்றோடு கழற்றிவிட வேண்டும். குழாய்க்குள் சுருட்டி வைத்திருக்கும் தகடு என்ன உலோகம் என்று அதைக் கட்டிவிட்டவருக்கே தெரியாது. முதுகில் ஒட்டியிருக்கும் வலிப் பட்டைகளையும் உரித்துவிடவும். சிலவற்றின் பின்பக்கம் அலுமினியத் தாள் இருக்கிறது, அதுவும் சுடும். ஜரிகைப் புடவை, கொக்கி வைத்த ரவிக்கை எல்லாவற்றுக்கும் பதில் சென்டர் தரும் கவுன்தான்.

ஜூன் 4, புதன்

உடம்பில் உலோகமோ கருவியோ இருக்கிறதா என்று கேட்கும் படிவத்தை உடன் வந்தவர் வாங்கி, எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துத் தந்துவிடுவார். அதனால்தான் டெக்னீஷியன் வாய்விட்டு மறுபடி கேட்பார். கேட்டதையே கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப்: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அதன் அட்டையைப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள். புதிய பேஸ்மேக்கர்களில் பலவற்றை நிபந்தனைகளோடு ஸ்கேன் செய்யலாம். அது மாடலைப் பொறுத்தது. இதய ஸ்டென்ட், மூட்டு மாற்று, காப்பர்-டி பெரும்பாலும் தடையில்லை. இருந்தாலும் சொல்லியாக வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருப்பது நல்லது. லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர்களிடம் கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்ததா என்று கேட்பது சும்மா அல்ல. விழியோரம் தங்கிவிட்ட துணுக்கு காந்தத்துக்குள் நகர்ந்தால் பார்வை போகலாம். சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணுக்கு ஒரு எக்ஸ்ரே.

ஸ்கேன் முடிந்ததும் காந்தத்தை அணைத்துவிடுவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் கிடக்கும் மீக்கடத்திச் சுருள் அது, அதாவது மின்சாரம் தடையே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கம்பிச்சுருள். நடுராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அதே 1.5 அல்லது 3 டெஸ்லாவில் (காந்த வலுவின் அலகு) இழுத்துக்கொண்டுதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் நோயாளியோடு வந்த ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போய் உயிரிழந்தார். சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், ஊன்றுகோல், எதுவானாலும் வாசலோடு சரி.

ஜூன் 5, வியாழன்

படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வரவும். இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும், நடுவில் எழ முடியாது.

மல்லாந்து படுக்க வேண்டும். முதுகிலிருந்து வரும் சிக்னலைப் பிடிக்கும் சுருள் (‘காயில்’) மேசையிலேயே பதிந்திருக்கிறது, மேலே எதையும் கவிழ்க்க வேண்டியதில்லை. முழங்காலுக்கு அடியில் முக்கோணத் திண்டு ஒன்று வரும். அதை வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள். காலை மடக்கினால் இடுப்பின் வளைவு தணிந்து முதுகு மேசையில் படியும். வலியும் குறையும், அசைவும் குறையும். கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொள்ளக் கூடாது. கோத்த கைகளும் அரைஞாண் கொடியைப் போல ஒரு வளையம்தான், விரல் தொடும் இடத்தில் சுடலாம். தொடையோடு தொடை உரசாமல் நடுவில் துணி வைப்பதும் அதற்காகவே.

சிவப்பு லேசர் கோடு வயிற்றில் விழும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்குச் சுமார் இரண்டு அங்குலம் மேலே, எல்3 பக்கம், மையம் வைப்பார்கள். குழாயின் விட்டம் 60 செ.மீ. அல்லது 70 செ.மீ. மூச்சு முட்டும் பயம் உள்ளவர்கள் ‘கால் முதலில் போகும்படி படுக்கலாமா’ என்று கேட்கலாம். இடுப்பு ஸ்கேனுக்கு அது முடியும். தலை குழாயின் வாய்க்கருகிலேயே நின்றுவிடும். கையில் ரப்பர் பந்து ஒன்று தருவார்கள். அமுக்கினால் ஆள் வருவார்.

அறைக்குள் நுழைந்ததும் கேட்கும் ‘சிக்-சிக்’ சத்தம் ஹீலியத்தைக் குளிர்விக்கும் பம்ப். அது ஓயாது. ஸ்கேன் தொடங்கியபின் தகரக் கூரையில் சுத்தியல் அடிப்பதுபோல் ஒரு சத்தம், கொர்ர் என்று இன்னொன்று. காந்தப்புலத்தை நொடிக்குப் பலமுறை மாற்றும் சுருள்களில் மின்சாரம் பாயும்போது அவை அதிர்வதால் வருவது அது. காதில் நுரைப்பஞ்சுச் செருகியும் மேலே ஹெட்போனும் இரண்டுமே வேண்டும். உடம்பு லேசாகச் சூடேறலாம். எடையைக் கேட்பது ரேடியோ அலையின் அளவைக் கணக்கிட. அதனால் வெட்கப்பட்டு நாலைந்து கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள்.

ஜூன் 9, திங்கள்

அசைவைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பாலானவை இதனால்தான்.

படங்களைத் தொகுதி தொகுதியாக எடுப்பார்கள், ஒவ்வொரு தொகுதியும் இரண்டு முதல் ஐந்து நிமிடம். நடுவில் ஒருமுறை இருமினால் அந்த நேரத்துப் படம் ஒன்றுதான் கெடும் என்று தோன்றும். அப்படியில்லை. ஒரு தொகுதியின் எல்லாப் படத்துக்கும் தகவல் கலந்தே சேகரமாகிறது. ஒரு இருமல் மொத்தத்தையும் கலங்கடித்துவிடும். சத்தம் நின்ற இடைவெளியில் கொஞ்சம் நெளிந்துகொள்வதும் ஆபத்தே. முதலில் எடுத்த பக்கவாட்டுப் படத்தின் மேல் கோடு போட்டுத்தான் குறுக்குவெட்டுப் படங்களைத் திட்டமிடுகிறார்கள். ஒவ்வொரு வெட்டும் சுமார் 4 மி.மீ. தடிமன். இடையில் ஒரு செ.மீ. நகர்ந்துவிட்டால் ஜவ்வு (எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்) என்று நினைத்து வெட்டிய இடத்தில் எலும்பு வந்து நிற்கும்.

இருமல் இருந்தால் தேதியைத் தள்ளிப்போடலாம். நேராகப் படுக்கவே முடியாத வலி என்றால், வலி மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டுக்கொண்டு வரலாம் என்று எழுதித்தந்த டாக்டரிடமே கேட்டு வரவும். மூச்சு விடுவது பரவாயில்லை. வயிறும் ரத்தக்குழாயும் அசைவது முதுகுத்தண்டின் மேல் நிழலாக விழாமல் இருக்க, திரையில் முன்பக்கத்தின் மேல் ஒரு பட்டை குறித்து அங்கிருந்து வரும் சிக்னலை அமுக்கிவிடுவார்கள்.

ஜூன் 12, வியாழன்

வலி சரியாக ஒரு புள்ளியில் இருந்தால் தோலில் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டுவதுண்டு. டி1 என்ற வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகப் பளிச்சிடும். கறுப்பு வெள்ளையில் நீள்வட்டமாக ஒரு பொட்டு; டாக்டருக்கு இடம் தெரிந்துவிடும்.

டி2 என்ற இன்னொரு வகைப் படத்தில் நீர் வெள்ளை. இளம் வயது ஜவ்வு ஈரமாக வெளுப்பாகத் தெரியும், வற்றியது கறுத்திருக்கும். கொழுப்பை மறைத்து எடுக்கும் ஸ்டிர் படம்தான் முறிவு, தொற்று, கட்டி ஆகியவற்றைக் காட்டிக்கொடுக்கும்: எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். நேரம் மிச்சம் பிடிக்க ஸ்டிரை விட்டுவிடுவது கெட்ட பழக்கம்.

எண்ணிக்கையிலும் ஒரு கண்ணி உண்டு. எல்லோருக்கும் இடுப்பில் ஐந்து எலும்பு இருப்பதில்லை. சிலருக்கு ஐந்தாவது கீழே ஒட்டிப்போய் நாலாகத் தெரியும், சிலருக்கு ஆறு. கீழிருந்து எண்ணினால் ஒரு படி தவறும், அறுவை செய்பவர் தவறான ஜவ்வைத் திறக்கக்கூடும். கழுத்திலிருந்து கீழ்வரை முழு முதுகையும் ஒரு விரைவுப் படம் எடுத்து மேலிருந்து எண்ணுவது இதற்காகத்தான். அதைக் கூடுதல் பில்லுக்கான வேலை என்று நினைக்க வேண்டாம்.

ஜூன் 16, திங்கள்

சாதாரண ஜவ்வுப் பிதுக்கத்துக்கு, படத்தில் வேறுபாடு எடுப்பாகத் தெரிவதற்காகப் போடும் ஊசி மருந்து தேவையில்லை. முன்பே அறுவை நடந்த முதுகில் தழும்பா புதிய பிதுக்கமா என்று பிரிக்க, காசநோய் போன்ற தொற்று, கட்டி: இவற்றுக்கு காடோலினியம் என்ற அந்த மருந்து. வழக்கமான மருந்தில் கிலோவுக்கு 0.2 மில்லி, அறுபது கிலோவுக்கு 12 மில்லி. முன்னதாக கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு இதைத் தவிர்ப்பார்கள்.

ஜூன் 19, வியாழன்

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் வாசலிலேயே நின்று செல்போனில் ஒவ்வொரு சொல்லாகத் தேடுவது வழக்கமாகிவிட்டது. சில சொற்களை இங்கேயே சொல்லிவிடலாம். டெசிக்கேஷன்: ஜவ்வில் ஈரம் வற்றியிருக்கிறது. பல்ஜ்: காற்று குறைந்த டயர்போல் சுற்றிலும் பிதுங்கியிருக்கிறது. ப்ரோட்ரூஷன்: ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறது. எக்ஸ்ட்ரூஷன்: கொழுக்கட்டை ஓரம் விட்டுப் பூரணம் வெளியே வந்த கதை. அந்தப் பூரணமும் பலருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கிவிடுகிறது.

1994-இல் அமெரிக்காவில் இடுப்பு வலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 52 சதவீதம் பேருக்குக் குறைந்தது ஒரு ஜவ்வில் பல்ஜ், 27 சதவீதம் பேருக்கு ப்ரோட்ரூஷன். 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது, வலியில்லாத இருபது வயதினரில் 37 சதவீதம் பேருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதம் பேருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ஆகவே படத்தில் இருப்பதும் காலில் வலிப்பதும் பொருந்துகிறதா என்பதே கேள்வி. எல்4-எல்5 பிதுக்கம் பொதுவாக எல்5 நரம்பை அழுத்தும்: வலி வெளிக்கெண்டைக்கால் வழியே பாதத்தின் மேல்புறம் இறங்கும், பெருவிரலைத் தூக்க வலு குறையும். எல்5-எஸ்1 (ஐந்தாவது எலும்புக்கும் அதன் கீழுள்ள எலும்புக்கும் நடுவில்) என்றால் எஸ்1 நரம்பு: பின்கெண்டை, பாதத்தின் வெளிவிளிம்பு, சுண்டுவிரல். ரிப்போர்ட் இடது பக்கம் என்று சொல்லி வலி வலது காலில் இருந்தால், அந்தப் பிதுக்கத்தைக் குற்றவாளியாக்குவதற்கு முன் இன்னொருமுறை யோசிக்க வேண்டும்.

ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் தேர்ந்தெடுத்த படங்களே இருக்கும், சிடியில் எல்லாமும். அடுத்த ஸ்கேனுக்குப் பழையதையும் கொண்டு வரவும்.

ஜூன் 20, வெள்ளி

நேரம் கேட்டு போன் செய்பவர்களுக்கு: புதிதாக வந்த சாதாரண வலிக்கு ஆறு வாரம் வரை ஸ்கேன் அவசியப்படுவதில்லை. ஆனால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் போனாலோ, சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் ஒருசேர வலுவிழந்தாலோ, சென்டருக்கு போன் செய்து வெள்ளிக்கிழமை காலியா, சனிக்கிழமை காலியா என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஸ்கேனை அவர்கள் அன்றைக்கே எடுப்பார்கள்.