தெருவில் ஒரு ஆள் கூட இல்லையே

போன மாதம் அம்மாவுக்கு வாட்ஸப்பில் நான்கு போட்டோ அனுப்பினேன். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் நைபோடர் என்று ஒரு பழைய குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க அங்கே நடந்து எடுத்தவை. மஞ்சள் சுவர், சிவப்பு ஓடு, கல் பாவிய தெரு, சாய்ந்து விழும் வெயில். எனக்கு ரொம்பப் பிடித்த படங்கள். பத்து நிமிடத்தில் அம்மாவின் குரல் வந்தது: "ஏம்ப்பா, அங்க ஏதும் பந்த்தா? தெருவுல ஒரு ஆள் கூட இல்லையே."

சிரித்துவிட்டேன். அப்புறம் லேப்டாப்பைத் திறந்து, இங்கே வந்ததிலிருந்து எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தேன். கதவு, ஜன்னல், பாலம், சுவரில் சாத்திய சைக்கிள். அம்மா சொன்னது சரிதான்.

எங்கள் ஊர் பொறையார், தரங்கம்பாடிக்குப் பக்கம். நைபோடரை முதல் தடவை பார்த்தபோது அந்த மஞ்சள்தான் என்னை நிறுத்தியது. எங்கள் கடற்கரைக் கோட்டையின் நிறத்துக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. சொந்தம்தான். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டு தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியது நான்காம் கிறிஸ்தியான் அரசர் காலத்தில். அதே அரசர்தான் 1631-இல் கடற்படை ஆட்களுக்காக நைபோடரைக் கட்ட ஆரம்பித்தார். அங்கே தெருக்களுக்கு முதலைத் தெரு, டால்பின் தெரு என்றெல்லாம் பெயர். 1642-இல் முடிந்த வட்டக் கோபுரமும் அவருடையதே. கிட்டத்தட்ட உச்சிவரை படிக்கட்டே கிடையாது, 209 மீட்டர் நீளத்துக்குச் சுழன்று ஏறும் செங்கல் சரிவுதான். வெள்ளைச் சுவரில் கை வைத்தபடி ஏறுவேன். பள்ளிக்கூடத்தில் வரிசையாகக் கோட்டைக்குக் கூட்டிப்போன நாளில் டீச்சர் "சுவரைத் தொடாத" என்று அதட்டியது ஒவ்வொரு முறையும் காதில் கேட்கும்.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. டிசம்பரில் நாலு மணிக்குள் இருட்டிவிடுவது, எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பது, மழைக்கு ஒதுங்காமல் நடப்பது, எல்லாமே. பழகாதது ஒன்றுதான். கேமராவைத் தூக்கினால் ஆட்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். என் படம் கெட்டுவிடக் கூடாதே என்று, மரியாதையாக, நான் எடுத்து முடிக்கும்வரை காத்திருக்கிறார்கள். ஊரில் கேமராவை வெளியே எடுத்தால் போதும், "அண்ணே, என்னைய ஒண்ணு எடுங்கண்ணே" என்று பத்துப் பிள்ளைகள் முன்னால் நிற்கும். மீன் கூடையை இறக்கி வைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிற்கும் ஆத்தாக்களை எத்தனை பேரை எடுத்திருப்பேன்!

இங்கே குளிரிலும் குழந்தையைத் தள்ளுவண்டியில் தூங்கப்போட்டு, காபிக் கடை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய் உட்காருகிறார்கள். முதல் வருடம் அப்படி ஒரு வண்டியைப் பார்த்து மனம் தாங்காமல் படம் எடுத்தேன். போர்வைக்கு வெளியே மூக்கு நுனி மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அம்மாக்காரி வெளியே வந்து, கோபமே இல்லாமல், அழித்துவிடச் சொன்னாள். அவள் கண்ணெதிரே அழித்தேன். அவள் கேட்டது நியாயம். ஆனாலும் அன்று வீடு வரை தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் சுவர்களை எடுக்க ஆரம்பித்திருக்க வேண்டும்.

எனக்குக் கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தது மாமா. பொறையாரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியிலிருந்து ஆட்கள் அவரிடம் வந்தார்கள். வீட்டோடு போட்டோக்களும் போய்விட்டன. காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். மாமா பழைய நெகட்டிவ் கவர்களையெல்லாம் கொட்டித் தேடினார். நான் ஒவ்வொன்றாக டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். நெகட்டிவில் முகம் கறுப்பாகவும் முடி வெள்ளையாகவும் இருக்கும். ஒரு கல்யாண குரூப் போட்டோவில் மூன்றாவது வரிசையில், பாதி மறைந்து நின்ற ஒருவரின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார். வாங்கிய பெண் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் மாமா காசு வாங்கவில்லை.

2024 ஏப்ரல் 16 காலையில், இங்கே நான்காம் கிறிஸ்தியான் கட்டிய பழைய பங்குச் சந்தைக் கட்டடம் தீப்பிடித்தது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலே போகிற மாதிரி இருந்த அதன் ஊசிக்கோபுரம் எரிந்து சாய்ந்ததை எதிர்க்கரையில் நின்று பார்த்தேன். உள்ளே இருந்த ஓவியங்களை ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள், வழியில் போனவர்களும் கை கொடுத்தார்கள். காப்பாற்றியவற்றில் ஒன்று 1895-இல் குரோயர் வரைந்த பெரிய ஓவியம். அந்தக் கட்டடத்துக்குள் கூடி நிற்கும் ஐம்பது ஆண்கள், ஐம்பது முகங்கள். கரையில் என் பக்கத்தில் நின்ற பாட்டி, யாரென்றே தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேமரா தோளில்தான் தொங்கியது. தூக்கத் தோன்றவில்லை.

அம்மா கேட்டதற்கு அடுத்த ஞாயிறு மறுபடி நைபோடர் போனேன். முதலைத் தெருவில் ஒரு தாத்தா வாசல் பெஞ்சில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கேமராவைக் காட்டி, என் அரைகுறை டேனிஷில் அனுமதி கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி முடியைத் தடவிவிட்டார். காலரைச் சரிசெய்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அச்சு அசல் மாமாவின் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்காருகிற மாதிரி.

அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "நல்லா இருக்குப்பா. அவருக்கு ஒரு காப்பி போட்டுக் குடுத்தியா?"

பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் முழுக்க மழை, பெஞ்சு காலியாக இருந்தது. இந்த ஞாயிறு போய்க் கதவைத் தட்ட வேண்டும்.