நெல்லை போர்டுகளுக்குப் பிரஷ் எழுத்துரு: சுழி அடைபடாமல் வரைவது எப்படி?

பிரஷ்ஷால் சரசரவென்று எழுதிய மாதிரி எழுத்துரு (ஃபான்ட்) செய்கிறவர்கள் முதலில் ‘திருநெல்வேலி’ என்று அடித்துப் பார்க்க வேண்டும். ஆறே எழுத்தில் மேல்விலங்கு (‘தி’யின் மேல் வளைவு), உகரம், ஒற்றைக்கொம்பு, புள்ளி, இரட்டைக்கொம்பு எல்லாம் வந்துவிடும். ‘வே’யின் கொம்பில் மேல்சுழி அடைபட்டால் ஊர்ப்பெயரே ‘திருநெல்வெலி’ ஆகிவிடும்.

அடைபடக் காரணம் கோட்டின் கனம். ப, ட, ம என்று விசாலமான எழுத்துகளில் தொடங்கினால் எவ்வளவு தடித்த கோடும் அழகாகத்தான் தெரியும். மூணு சுழி ‘ண’வுக்கு வரும்போது மாட்டிக்கொள்வோம். அதனால் ண, ஞ, ணி, ணை இவற்றை முதலில் எழுதிக் கனத்தை முடிவு செய்யுங்கள். சுழிக்குள் தெரியும் வெள்ளை, கோட்டின் கனத்தில் பாதியாவது இருக்கட்டும். ‘மண்ணெண்ணெய்’ தெளிவாகப் படிக்க வந்தால் மற்றதெல்லாம் வரும்.

ஐந்து செ.மீ. உயர எழுத்துக்கு ஆறு மி.மீ. கோடு போதும். உருண்டை பிரஷ், தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்த்த போஸ்டர் கலர். பென்சிலில் வரைந்து அதன்மேல் ஓட்டாதீர்கள், கை தயங்குவது கோட்டில் தெரியும். ஒவ்வொரு எழுத்தையும் நாலைந்து தரம் எழுதி, நல்லதை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள்.

வரைய வேண்டியவை: உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18, புள்ளி மெய் 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, துணைக்கால், கொம்பு போன்ற தனிக்குறிகள் 5. ஆக 126 வடிவங்கள். இகரத்துக்கு ஒரே விலங்கை எல்லா எழுத்திலும் ஒட்டவைப்பது சோம்பேறித்தனம். ‘லி’யில் விலங்கு கிளம்பும் இடம் வேறு, ‘தி’யில் வேறு. இவை போக, கடைப் பெயர்களுக்கு ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, ஸ்ரீ கட்டாயம்.

கையெழுத்து உணர்வைக் கெடுப்பது ஒரே வடிவம் திரும்ப வருவதுதான். ‘நெல்லை’யில் ல இரண்டு, ‘பாளையங்கோட்டை’யில் ட இரண்டு. அடுத்தடுத்து வரும் க, ச, ட, த, ப, ல, ன ஏழுக்கும் மாற்று வடிவம் வரைந்து, ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வகையில் சூழலுக்கேற்ப மாறும்படி விதி எழுதுங்கள். புள்ளியை மறக்க வேண்டாம். வட்டமாக வைத்தால் அச்சு எழுத்தாகிவிடும். பிரஷ் நுனியை வைத்து எடுத்த துளியாக மூன்று விதம் வேண்டும்.

‘தாமிரபரணி’யில் துணைக்காலும் ‘ர’வும் ஒன்றுபோல் தெரிந்தால், ‘ர’வின் கீழ்க்கோட்டை இன்னும் கீழே இழுங்கள்.

பழைய போட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறி விழுந்தால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். டைப் அமைப்பில் இந்திய மொழிகளுக்கான ‘வேர்ல்ட்-ரெடி’ லேஅவுட்டை இயக்குங்கள். வரி இடைவெளி எழுத்தளவில் 135 சதவீதம் இல்லாவிட்டால் மேல்வரி ‘கூ’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் இடிக்கும்.

உலர்ந்த பிரஷ்ஷின் சொரசொரப்பு பிளெக்ஸ் பிரிண்டில் ஜோராக இருக்கும். ஸ்டிக்கர் வெட்டும் மெஷினிலோ அந்த விளிம்பு கிழிந்து வரும். வெட்டுவதற்கு, விளிம்பை வழவழப்பாக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை ஒன்றாக்கிய தனிக் கோப்பும் சேர்த்துக் கொடுங்கள்.