வீட்டில் ஓடியது, கடையில் ஓடவில்லை

எங்களுடையது பாத்திர வாடகைக் கடை. தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊர். அண்டா, கொப்பரை, ஜமுக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி, சாப்பாட்டு மேசை எல்லாம் உண்டு. முகூர்த்த மாதம் என்றால் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்குச் சாமான் போகும். யாருக்கு என்ன போனது, அட்வான்ஸ் எவ்வளவு, திரும்பி வந்தது எத்தனை, கரண்டி குறைகிறதா என்பதெல்லாம் அப்பாவின் நீள நோட்டில்தான் இருக்கும். பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த நேரத்தில், இதற்கு ஒரு ப்ரோகிராம் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கடையில் நெட் வரும், போகும். அதனால் வெப்சைட் வேண்டாம், கம்ப்யூட்டரிலேயே ஓடும் டெஸ்க்டாப் ப்ரோகிராம் போதும் என்று முடிவு செய்தேன். கோடு எழுத விஷுவல் ஸ்டுடியோ கம்யூனிட்டி, மொழி சி ஷார்ப், ஜன்னல்களை வடிவமைக்க விண்டோஸ் ஃபார்ம்ஸ், ப்ரோகிராம் ஓட டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8, டேட்டாவைச் சேமிக்க எஸ்க்யூலைட். இவ்வளவுதான் கையில் இருந்தவை.

முதல் வாரத்துச் சிக்கல்கள் இப்போது நினைத்தால் சின்னவை. ஃபார்மில், அதாவது ப்ரோகிராமின் ஜன்னலில், ஒரு பட்டனைத் தெரியாமல் டபுள் கிளிக் செய்தால் அதற்கு ஒரு கிளிக் மெதட் (பட்டனை அழுத்தினால் ஓடும் கோடுத் துண்டு) தானாக வந்து உட்காரும். வேண்டாமே என்று அதை அழித்தேன். உடனே சிஎஸ்1061 என்று ஒரு பிழை வந்தது, ஜன்னலை வடிவமைக்கும் டிசைனரும் திறக்க மறுத்தது. நான் தொட்டதே இல்லாத டிசைனர் ஃபைல் ஒன்றில் பிழை என்றது. அந்த வரியை டபுள் கிளிக் செய்து பார்த்தபோதுதான் புரிந்தது: பட்டனையும் மெதட்டையும் இணைக்கும் வரி அந்த ஃபைலில் இருக்கிறது, நான் ஒரு முனையை மட்டும் அறுத்திருக்கிறேன். அந்த ஒரு வரியை நீக்கியதும் டிசைனர் திறந்தது.

அடுத்து வந்தது எல்லோரும் சந்திக்கும் நல் ரெஃபரன்ஸ் எக்செப்ஷன். எக்செப்ஷன் என்பது ப்ரோகிராம் ஓடும்போது வரும் பிழை; இது, இன்னும் உருவாகாத ஒன்றைத் தொட்டால் வருவது. ஒரு நாளைக்கு நாலு தடவை வரும். அதை அடக்குவதற்காக, சேமிக்கும் பட்டனின் கோடு முழுவதையும் ஒரு ட்ரை பிளாக்கில் போட்டு, பிழை வந்தால் என்ன செய்வது என்று எழுத வேண்டிய கேட்ச் பகுதியைக் காலியாக விட்டேன். பிழை வருவது நின்றது. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்கு என்ன விலை என்பது கடையில் வைத்துத் தெரிந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

ஒரு மாதத்தில் ப்ரோகிராம் ஒரு வடிவத்துக்கு வந்தது. ரிலீஸ் ஃபோல்டரில் இருந்த ப்ரோகிராமின் இஎக்ஸ்இ ஃபைலையும், கூடவே கிடந்த, அதற்குத் துணையான கோடு இருக்கும் டிஎல்எல் ஃபைல்களையும் பென் டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக் கம்ப்யூட்டர் பழையது, 2 ஜிபி ராம், விண்டோஸ் 10. அப்பா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டபுள் கிளிக் செய்தேன். மவுஸ் அம்புக்குறி ஒரு நொடி சுற்றியது, நின்றது. ஒன்றும் திறக்கவில்லை. பிழை என்றும் எதுவும் வரவில்லை. மறுபடி செய்தேன், அதேதான். “வீட்டுல ஓடுச்சுல்லம்மா, வரும், மெதுவாப் பாரு” என்று சொல்லிவிட்டு அப்பா வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அன்று மூன்று மணி நேரம் ஊகத்திலேயே போனது. டாட் நெட்டை மறுபடி இன்ஸ்டால் செய்தேன், ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன், கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். சாயங்காலம் கல்லூரி சீனியர் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்தேன். சென்னையில் வேலை பார்க்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி: “ஈவென்ட் வியூவர்ல என்ன எழுதியிருக்கு?” அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

ஸ்டார்ட் பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் வரும் பட்டியலிலேயே ஈவென்ட் வியூவர் இருக்கிறது. உள்ளே விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் அப்ளிகேஷன். என் ப்ரோகிராமை நான் எத்தனை தடவை திறந்தேனோ அத்தனை தடவையும் நேரத்தோடு சிவப்புக் குறி போட்டு அங்கே பதிவாகியிருந்தது. ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு பதிவுகள்: ஒன்று அப்ளிகேஷன் எரர், எண் 1000. இன்னொன்று டாட் நெட் ரன்டைம், எண் 1026. நமக்கு வேண்டியது இந்த 1026. அதைத் திறந்தால் எக்செப்ஷனின் பெயர் இருக்கும், அதற்குக் கீழே எந்த மெதட்டில் இருந்து எந்த மெதட் அழைக்கப்பட்டது என்ற வரிசை இருக்கும். என்னுடையதில் டிஎல்எல் நாட் ஃபவுண்ட் எக்செப்ஷன் என்று இருந்தது. கீழே எஸ்க்யூலைட்டின் மெதட்கள், அதற்கும் கீழே என் ஃபார்மின் கன்ஸ்ட்ரக்டர், அதாவது ஃபார்ம் உருவாகும்போதே ஓடும் கோடு. டேட்டாபேஸைத் திறக்கும் வரியை நான் கன்ஸ்ட்ரக்டரில் வைத்திருந்தேன். ஜன்னல் திரையில் வருவதற்கு முன்பே ப்ரோகிராம் விழுந்துவிட்டது, அதனால்தான் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ஆனால் டிஎல்எல் எல்லாவற்றையும் எடுத்துவந்தேனே? வீட்டுக்குப் போய் ரிலீஸ் ஃபோல்டரைப் பார்த்தால், எக்ஸ்86, எக்ஸ்64 என்று இரண்டு குட்டி ஃபோல்டர்கள். நமக்கெதற்கு என்று விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இரண்டிலும் எஸ்க்யூலைட் இன்டெராப் என்று ஒரே பெயரில் ஒரு டிஎல்எல், எக்ஸ்86-இல் இருப்பது 32 பிட்டுக்கு, எக்ஸ்64-இல் இருப்பது 64 பிட்டுக்கு. எஸ்க்யூலைட்டின் உண்மையான வேலை முழுவதும் அதற்குள்தான் நடக்கிறது. மறுநாள் எக்ஸ்64 ஃபோல்டரில் இருந்ததை மட்டும் எடுத்து இஎக்ஸ்இ பக்கத்தில் வைத்தேன். மறுபடியும் திறக்கவில்லை. இந்தத் தடவை ஊகிக்கவில்லை, நேராக 1026-ஐப் பார்த்தேன். இப்போது வேறு பெயர்: பேட் இமேஜ் ஃபார்மட் எக்செப்ஷன். பெயரைப் பார்த்துப் படம் எதுவோ கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன், அதற்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை. 32 பிட் ப்ராசஸ் ஒன்று 64 பிட் டிஎல்எல்லை ஏற்றப் பார்த்தாலும், 64 பிட் ப்ராசஸ் 32 பிட் டிஎல்எல்லை ஏற்றப் பார்த்தாலும் இது வரும். கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது 32 பிட் விண்டோஸ். இரண்டு ஃபோல்டர்களையும் அப்படியே வைத்தால் எது வேண்டுமோ அதை எஸ்க்யூலைட்டே பார்த்து எடுத்துக்கொள்ளும். ரிலீஸ் ஃபோல்டரை முழுசாகக் காப்பி செய்தேன், திறந்தது. அப்பா ஒரு டீ வாங்கி வரச் சொன்னார்.

நான் அந்த ஃபோல்டரை வைத்த இடம் ப்ரோகிராம் ஃபைல்ஸ். ப்ரோகிராம் என்றால் அங்கேதானே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று முழுவதும் அப்பா அதிலேயே பதிவு போட்டார். 60 நாற்காலி, 2 அண்டா, 4 ஜமுக்காளம் என்று வரிசையாக டேபிளில் ஏறியது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலையில் திறந்தால் டேபிள் காலி.

அப்பா நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். அதனால் சாமான் எதுவும் தொலையவில்லை, ஆனால் அந்தக் காலி டேபிளைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஈவென்ட் வியூவரில் எதுவும் இல்லை, ஏனென்றால் ப்ரோகிராம் விழவே இல்லை. கோடை வரி வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது அந்தக் காலி கேட்ச் கண்ணில் பட்டது. அதற்குள் எக்செப்ஷனை மெசேஜ் பாக்ஸில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தேன். உடனே வந்துவிட்டது: படிக்க மட்டுமே முடிகிற டேட்டாபேஸில் எழுதப் பார்க்கிறாய் என்று. ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் சாதாரண யூசருக்கு எழுத அனுமதி கிடையாது. எஸ்க்யூலைட் அந்த ஃபைலைப் படிக்க மட்டும் திறந்துகொண்டது. பதிவுகள் திரையில் இருந்த டேபிளில் ஏறின, டிஸ்க்குக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு பதிவுக்கும் விண்டோஸும் எஸ்க்யூலைட்டும் முடியாது என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தன. அந்தப் பதிலை அப்பாவிடம் சேரவிடாமல் நடுவில் நின்று தடுத்தது என் கோடு.

டேட்டாபேஸ் ஃபைலை, யூசருக்கு எழுத அனுமதி உள்ள ஆப்டேட்டா ஃபோல்டருக்கு மாற்றினேன். அந்த இடத்தின் பாதையை நாமே டைப் செய்யக்கூடாது, என்விரான்மென்ட் கிளாஸில் கெட் ஃபோல்டர் பாத் என்று கேட்டால் அந்தந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி தரும். காலி கேட்ச் எல்லாவற்றையும் தேடித் தேடி எடுத்தேன், ஒன்பது இருந்தன. பிறகு ப்ரோகிராமின் தொடக்கத்திலேயே, யாரும் பிடிக்காத எக்செப்ஷன் எதுவானாலும் ஒரு லாக் ஃபைலில் எழுதும்படி செய்தேன். எழுதும்போது மெசேஜை மட்டும் எழுதினால் போதாது. எக்செப்ஷன் முழுவதையும் டு ஸ்டிரிங் செய்து, அதாவது எழுத்தாக மாற்றி, எழுத வேண்டும். அப்போதுதான் உள்ளே ஒளிந்திருக்கும் இன்னர் எக்செப்ஷனும் மெதட் வரிசையும் கிடைக்கும். புதிதாக வருகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

தேதியில் வந்த சிக்கல் வேறு மாதிரி. என் லேப்டாப்பில் ரீஜன் இந்தியா, கடைக் கம்ப்யூட்டரில் அமெரிக்கா. 25/8 என்று போட்டால் 25-ஆவது மாதம் கிடையாதே என்று பிழை வந்து நிற்கும். அது நல்லது, உடனே தெரிந்துவிடும். 5/9 என்று போட்டால் சத்தமே இல்லாமல் மே 9 ஆகிவிடும். செப்டம்பர் 5 கல்யாணத்துக்கு எழுதிய ஆர்டர் முந்தின நாள் பட்டியலில் வரவில்லை. இந்தத் தடவையும் அப்பாவின் நோட்டுதான் காப்பாற்றியது. இப்போது சேமிப்பது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் மட்டும். படிக்கும்போது பார்ஸ் எக்ஸாக்ட், இன்வேரியன்ட் கல்ச்சர்: கம்ப்யூட்டரின் ரீஜனைப் பார்க்காமல் அதே வரிசையில் படிக்கும். திரையில் மட்டும் நம் வழக்கப்படி.

அப்புறம் பழைய கணக்கை ஏற்றும் வேலை. அக்கா இரண்டு வருட நோட்டுகளை எக்செலில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்து வைத்திருந்தாள், கிட்டத்தட்ட 4,000 வரிகள். ஒரு கன்வெர்ட்டரில் போட்டு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடாக மாற்றி, காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி ஃபைலாக்கி, இம்போர்ட் பட்டனை அழுத்தினால் ஜன்னல் வெளுத்து நாட் ரெஸ்பாண்டிங் என்று நின்றது. பட்டன் கிளிக்கில் எழுதிய கோடு ஓடுவதும், திரையை வரைவதும், மவுஸைக் கவனிப்பதும் ஒரே த்ரெட், அதாவது வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் ஒரே வரிசை. அந்த த்ரெட் 5 நொடி மெசேஜ்களை எடுக்காமல் இருந்தால் விண்டோஸ் அந்த ஜன்னலைத் தொங்கிவிட்டதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். வேலையை, வேறு த்ரெட்டில் ஓட்டும் டாஸ்க் ரன்னுக்குள் போட்டேன். உடனே அடுத்த பிழை: ப்ரோக்ரஸ் பாரை உருவாக்கிய த்ரெட்டைத் தவிர வேறு த்ரெட் அதைத் தொடக்கூடாது. ப்ரோக்ரஸ் கிளாஸ் வழியாக எண்ணிக்கையை அனுப்பியதும் அது சரியானது. ஆனாலும் நாலு நிமிஷம் ஓடியது. காரணம் எஸ்க்யூலைட் ஒவ்வொரு இன்செர்ட்டையும் (புது வரி சேர்ப்பதையும்) தனி டிரான்சாக்ஷனாக, அதாவது தனித்தனி வேலையாக, டிஸ்க்கில் எழுதி முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும். 4,000-ஐயும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வைத்தேன், இரண்டு மூன்று நொடியில் முடிந்தது.

என்னை அதிகம் அலைக்கழித்தது கொப்பரை. பழைய கணக்கு ஏறிய பிறகு, தேடும் பெட்டியில் கொப்பரை என்று அடித்தால் அக்கா ஏற்றிய ஒரு வரியும் வரவில்லை. திரையில் கண்ணெதிரே கொப்பரை, கொப்பரை என்று இருக்கிறது. அண்டா கிடைக்கிறது, ஜமுக்காளம் கிடைக்கிறது, கொப்பரை கிடைக்கவில்லை. முன்னால் பின்னால் இடைவெளி ஏதாவது இருக்குமோ என்று ட்ரிம் செய்து பார்த்தேன், இல்லை. எஃப்9 அழுத்தி, ஒப்பிடும் வரியில் ப்ரோகிராம் நிற்கும்படி பிரேக்பாயின்ட் வைத்து, இரண்டு சொற்களின் மேலும் மவுஸை வைத்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. கடைசியில் நீளத்தைக் கேட்டேன். நான் அடித்தது 7. டேட்டாபேஸில் இருந்தது 8.

ஒவ்வொரு கேரக்டரையும் எண்ணாக மாற்றி வரிசையாக எழுதச் சொன்னேன். நான் அடித்த கொ: 2965, 3018. அதாவது ககர எழுத்து, அதன் பிறகு ஒகரக் குறி. கன்வெர்ட்டரில் இருந்து வந்த கொ: 2965, 3014, 3006. ககரம், ஒற்றைக் கொம்பு, கால். பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டாக அடித்ததை அந்தக் கன்வெர்ட்டர் மூன்று தனி எழுத்தாகவே மாற்றியிருக்கிறது. திரையில் இரண்டுக்கும் ஒரே உருவம், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு சொல். இரண்டும் சமம் என்றே யூனிகோடும் சொல்கிறது, ஆனால் அதை ஒன்றாக்கும் வேலையை நாம்தான் செய்ய வேண்டும். அதற்கு ஸ்டிரிங்கில் (எழுத்துகளை வைத்திருக்கும் டேட்டா வகையில்) நார்மலைஸ் என்று ஒரு மெதட் உண்டு. சேமிக்கும் முன் ஒரு தடவை, தேடும் முன் ஒரு தடவை அழைத்தேன். பழைய வரிகளையும் ஒரு ஓட்டம் ஓட்டி மாற்றினேன். கொப்பரையோடு, இதே காரணத்தால் தேடலில் வராமல் இருந்த தோசைக்கல்லும் போணியும் சேர்ந்து வந்தன. தமிழில் ப்ரோகிராம் எழுதுகிற யாருக்கும் இது வரும். பெயரில் ஒகரமோ ஓகாரமோ இருக்கும் மனிதர்களின் ரெக்கார்டுகள் இப்படி எத்தனை இடத்தில் தேடினால் கிடைக்காமல் கிடக்கின்றனவோ என்று நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இப்போது ப்ரோகிராம் எட்டு மாதமாகக் கடையில் ஓடுகிறது. நோட்டையும் அப்பா விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. ஏதாவது நின்றுபோனால் போன் செய்வார், “லாக்ல ஒரு வரி வந்திருக்கும்மா” என்று இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். நான் எழுதிக்கொள்வேன். போன வாரம் படித்தது பிரின்டர் பெயர் பற்றிய ஒரு வரி. சித்தப்பாவின் புது லேப்டாப்பில் திரையில் எல்லாம் பெரிதாகத் தெரியும்படி ஸ்கேலிங் 150 சதவீதம், அதில் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்று ஒரு புகார் பாக்கி இருக்கிறது. ப்ரோகிராமைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் ஃபைலில் டிபிஐ (திரையின் புள்ளி அடர்த்தி) பற்றிய வரியைச் சேர்த்திருக்கிறேன், எழுத்து தெளிவாகிவிட்டது, ஆனால் சேமி பட்டன் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. இன்று ராத்திரி அதைத்தான் பார்க்க வேண்டும்.