எந்த இன்வாய்ஸைப் பற்றிப் பேசுகிறோம் சார்?

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஃபேக்டரி மேனேஜராக இருக்கிறேன். எனக்கு மேலே ஜெனரல் மேனேஜர். அவருக்கு மேலே கோயம்புத்தூரில் டைரக்டர்கள். எனக்குச் சமமாக எஸ்டேட் மேனேஜர்கள், சிறு விவசாயிகளிடம் வெளி இலை வாங்கும் பிரிவைப் பார்ப்பவர், கணக்கு அதிகாரி. மேலே இருப்பவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எங்களுக்கும் பேச்சு ஓரளவு ஒழுங்கானது எப்படி என்று வேறொரு எஸ்டேட்டில் இருக்கும் நண்பர் கேட்டுக்கொண்டே இருந்தார். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

குன்னூர் ஏலம் வாரா வாரம் வியாழனும் வெள்ளியும். வியாழன் லீஃப் கிரேடு என்கிற பெரிய துகள், வெள்ளி டஸ்ட் என்கிற பொடித் தூள். வெள்ளி சாயங்காலம் ஜி.எம்.மிடமிருந்து போன் வந்துவிடும். "கிலோவுக்கு நாலு ரூபா இறங்கியிருக்கு. பக்கத்து ஃபேக்டரிக்கு இறங்கலையே, அங்க என்னதான் பண்றீங்க?" நான் மழை என்பேன், இலையில் தண்ணீர் என்பேன், விறகு காயவில்லை என்பேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அன்று ஏலத்தில் விற்ற தூள் இந்த வாரத்துத் தூளே கிடையாது. அரைத்து, காயவைத்து, சலித்துத் தரம் பிரித்து, மூட்டை போட்டு, சாம்பிள் ஏலத்தை நடத்தும் புரோக்கரிடம் போய், கேட்டலாக்கில் ஏறி விற்பனைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். அவர் எப்போதோ செய்த தூளுக்குத் திட்டுவார். நான் நேற்றைய மழையைச் சொல்வேன். வருஷக்கணக்கில் இப்படியே போனது. பேச்சு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது, நிறையவே பேசினோம்.

இன்னொன்று, கெட்ட செய்தி மேலே போகாது. கோடை மழைக்குப் பிறகு பச்சை இலை மூட்டை மூட்டையாக வந்து கொட்டும் நேரத்தில் இது நன்றாகத் தெரியும். அப்படி ஒரு சீசனில் ஜி.எம். ஒரு உத்தரவு போட்டார்: வெளி இலையை ஒரு மூட்டைகூடத் திருப்பி அனுப்பக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு. அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல். இலையை வாடவைக்கும் நீளத் தொட்டிகள், அதாவது எங்கள் வாட்டு ட்ரஃபுகள், அவ்வளவு இலையைத் தாங்காது என்பது அந்தக் கட்டைவிரல் போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். பறித்த இலைக்கு இன்னும் உயிர் இருக்கிறது, மூச்சு விடுகிறது. ட்ரஃபில் அளவாகப் பரப்பி அடியிலிருந்து காற்று கொடுத்தால் ராத்திரிக்குள் பதமாக வாடும். கனமாகக் குவித்துவிட்டால் காற்று ஏறாது, உள்ளே சூடு கிளம்பும், அரைக்கும் முன்பே இலை சிவக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் எந்த மெஷினாலும் அந்தத் தூளைக் காப்பாற்ற முடியாது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். கெட்டால் அந்த நாலரைக் கிலோவும் சேர்ந்துதான் கெடும்.

இந்தப் பேச்சுக் கோளாறுக்குத் தலைமை அலுவலகம் கண்டுபிடித்த மருந்து பயிற்சி முகாம். ஊட்டியில் ஒரு ஓட்டல், பெங்களூரிலிருந்து வந்த பயிற்சியாளர், செய்தித்தாளைச் சுருட்டிக் கோபுரம் கட்டும் விளையாட்டு. எஸ்டேட் மேனேஜர் ஒருவர், முப்பது வருஷம் தேயிலைக் காட்டில் நின்றவர், கையில் பசைநாடாவோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அந்தப் பயிற்சியாளர் சொன்ன ஒரு விஷயம் ஒட்டிக்கொண்டது. சிட்னி ரோசன், ஏப்ரஹாம் டெஸ்ஸர் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1970-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்களாம். நல்ல செய்தியைச் சொல்ல மனிதர்கள் முந்துகிறார்கள், கெட்ட செய்தியைச் சம்பந்தப்பட்டவரிடமே சொல்லாமல் தள்ளிப்போடுகிறார்கள் என்பது அதன் சாரம். கூடவே 1986-இல் வெடித்த சேலஞ்சர் விண்கலத்தைப் பற்றியும் சொன்னார். குளிரில் ரப்பர் வளையம் தாங்காது என்று ராக்கெட் செய்த கம்பெனியின் பொறியாளர்கள் முந்தின ராத்திரியே எதிர்ப்புத் தெரிவித்திருக்கிறார்கள். ஏவலாம் என்று கடைசி முடிவு எடுத்தவர்கள் காதுக்கு அந்த எதிர்ப்பு போய்ச் சேரவே இல்லை.

டீ இடைவேளையில் ஜி.எம். என் பக்கம் வந்தார். "நம்ம கம்பெனியிலயும் அப்படித்தானாய்யா?"

"ட்ரஃப் விஷயம் உங்களுக்கு எப்போ சார் தெரிஞ்சது?"

கொஞ்சம் யோசித்தார். "ஏலத்துல."

அவர் கோபப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிந்திருக்கும். கோபப்படவில்லை. "சரி, என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்றார்.

நான் கேட்டது ஒரே ஒரு தாள். ஒரே எண்ணில் ஏலத்துக்குப் போகும் மூட்டைத் தொகுதியைத்தான் எங்கள் தொழிலில் இன்வாய்ஸ் என்போம். ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் எதிரே அது எந்தத் தேதியில் செய்த தூள், அன்று எவ்வளவு இலை வந்தது, சொந்த இலை எவ்வளவு, வெளி இலை எவ்வளவு, இலைத் தரம், வாட்டு எத்தனை மணி நேரம், மெஷின் எங்கே நின்றது, கரண்ட் போனதா. இவ்வளவையும் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கர் தன் நோட்டில் ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருந்தார், மேலே யாரும் கேட்டதில்லை. அப்புறம், புரோக்கர் சுவைத்துப் பார்த்து எழுதும் குறிப்பு. அது அதுவரை தலைமை அலுவலகத்துக்குப் போய், "குவாலிட்டி சரியில்லை" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி எங்களிடம் வரும். அதை நேராக எனக்கே அனுப்பச் சொன்னேன். "சப்பென்று இருக்கிறது" என்பதும் "புகை வாடை" என்பதும் வேறு வேறு வியாதி. புகை என்றால் டிரையர் பக்கம் ஓட வேண்டும், ஹீட்டர் குழாயில் எங்கோ கசிவு இருக்கும். சப்பென்று இருந்தால் வாட்டையும் புளிக்கவிட்ட நேரத்தையும் பார்க்க வேண்டும். ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நான் எதைச் சரிசெய்வது?

அதற்கடுத்த வெள்ளிக்கிழமைகளில் போன் வந்தால் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "எந்த இன்வாய்ஸ் சார்?" என்று கேட்பேன். முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது அவருக்கு. பிறகு அவரே எண்ணைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். திட்டு நிற்கவில்லை, ஆனால் திட்டுக்கு இப்போது ஒரு தேதி இருக்கிறது.

அடுத்த மாற்றம் அவராகச் செய்தது. இலை கொட்டிய இன்னொரு வாரத்தில், விடிவதற்கு முன்னால் யாருக்கும் சொல்லாமல் ஃபேக்டரிக்கு வந்து நின்றார். பனி, மங்கி குல்லா, கையில் டார்ச். டீமேக்கர் அண்ணன் பதறிப்போய் எனக்குப் போன் செய்துவிட்டு, அவரை வாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது ஜி.எம். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக் கடைசி ட்ரஃபுக்குள் கையை விட்டிருந்தார். மேலே ஈரமும் குளிருமாக இருந்த இலை, உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். காம்பு ஓரமெல்லாம் சிவந்திருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை ஏன் எனக்கு யாரும் சொல்லலை?" என்றார். டீமேக்கர் அண்ணன் பட்டென்று சொன்னார்: "திருப்பி அனுப்பக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க சார்."

அங்கேயே நின்று அந்த உத்தரவுக்கான காரணத்தைச் சொன்னார். இலையைத் திருப்பினால் சிறு விவசாயிகள் வேறு ஃபேக்டரிக்குப் போய்விடுவார்கள், சீசன் முடிந்ததும் நமக்கு இலை கிடைக்காது. நியாயமான பயம். அதை முன்பே சொல்லியிருந்தால் எங்களிடம் வழி இருந்தது. கோத்தகிரிப் பக்கம் எங்கள் கம்பெனியின் இன்னொரு ஃபேக்டரியில் அந்த நாட்களில் இடம் காலியாக இருந்தது. மிஞ்சிய இலையை லாரியில் அங்கே ஏற்றிவிட வேண்டியதுதான். டீசல் செலவு உண்டு, ஆனால் கெட்ட தூளைவிட மலிவு. அன்றிலிருந்து உத்தரவு எதுவானாலும் ஏன் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புகிறார். முடியாது என்றால் அன்று சாயங்காலத்துக்குள் காரணத்தோடு சொல்லலாம். சொல்லாவிட்டால் ஒத்துக்கொண்டதாகக் கணக்கு. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலுக்குத் தடை. என்ன புரிந்துகொண்டோம் என்று ஒரு வரியில் திருப்பி எழுத வேண்டும். சிலர் எழுதுவதைப் பார்த்தால் உத்தரவு போட்டவருக்கே தலை சுற்றும். தப்பாகப் புரிந்தது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது என்பதுதான் இதில் லாபம்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முன்பெல்லாம் ஜி.எம். முதலில் பேசி முடித்துவிடுவார், அப்புறம் யாருக்கும் வாய் வராது. இப்போது வயதில் சின்னவரிலிருந்து தொடங்கி, அவர் கடைசியில். இதில் ஒரு சிக்கலும் வந்தது. வெளிப்படையாகப் பேசலாம் என்றதும், எஸ்டேட் மேனேஜர் ஒருவர் அடுத்தவர் பிரிவின் ஓட்டைகளை மட்டும் அடுக்க ஆரம்பித்தார். முற்றின இலையைத் தன் காட்டிலிருந்தே அனுப்பிவிட்டு, வாட்டு சரியில்லை என்று எல்லோர் முன்னிலும் என்னைப் பிடித்தார். இரண்டு கூட்டம் சண்டையிலேயே போனது. கடைசியில் கணக்கு அதிகாரி ஒரு யோசனை சொன்னார்: சம்பந்தப்பட்டவரிடம் முதலில் நேரில் சொல்லாத குறையைக் கூட்டத்தில் எடுக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் அடங்கியது. அந்த மேனேஜர் இப்போது ஃபேக்டரிக்கு வந்து திட்டிவிட்டுப் போகிறார், எனக்கு அது எவ்வளவோ பரவாயில்லை.

விலை ஏறியதா என்று நண்பர் கேட்டார். ஏலம் எங்கள் கையில் இல்லை. வட இந்திய வரத்து, ஏற்றுமதி ஆர்டர் என்று ஆயிரம் இருக்கிறது. புகை வாடை என்று குறிப்பு வந்தால் அந்த வாரமே குழாயைப் பிரித்துப் பார்க்கிறோம், அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

கோயம்புத்தூர் இன்னும் இந்த வட்டத்துக்குள் வரவில்லை. அங்கிருந்து வரும் மெயில்களில் ஏன் என்ற வரி கிடையாது, போன வருஷத்தோடு ஒப்பிட்ட ஒரு அட்டவணைதான். ஜி.எம்.மிடம் சொன்னேன், டைரக்டர்களிடமும் இதே தாளைக் கொண்டுபோங்கள் சார் என்று. சிரித்தார். "அவங்ககிட்ட நான் யாரு, உன்னை மாதிரிதானேய்யா? நீயும் கூட வா. நீ தாளைப் படி, நான் பக்கத்துல உட்கார்ந்து தலையாட்டுறேன்" என்றார். அடுத்த போர்டு மீட்டிங்குக்கு இருவரும் போகிறோம்.